லைசென்ஸ் சஸ்பெண்ட்: நோட்டீஸ் ஊருக்கு, நீங்க சென்னையில்!

போலீஸ் லைசென்ஸை வாங்கிக்கொண்டு ஒரு ரசீது தருகிறார். ‘அதான் ரசீது இருக்கே’ என்று அதை பர்ஸில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டலாமா? கூடாது. லைசென்ஸ் திரும்பக் கைக்கு வரும்வரை அந்த ரசீது வண்டி ஓட்டும் அனுமதி ஆகாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 206-வது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது.

அதற்காக, அந்த நிமிஷமே லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆகிவிட்டது என்றும் அர்த்தமில்லை. போலீஸ் அனுப்பிவைப்பதோடு சரி, முடிவு ஆர்.டி.ஓ. கையில். 2019 திருத்தத்தின்படி முதல் முறை என்றால் 3 மாதம், மறுபடி மாட்டினால் லைசென்ஸே ரத்து. குடித்துவிட்டு ஓட்டுவது, அதிவேகம், ஓட்டும்போது கையில் போன், சிகப்பு சிக்னலைத் தாண்டுவது எல்லாம் இதில் வரும். ஹெல்மெட் போடாததும் டிரிபிள்ஸ் போவதும்கூடத்தான். ‘ஆயிரம் ரூபா ஃபைன், அவ்ளோதானே’ என்பார்கள். அதே பிரிவில் 3 மாத சஸ்பெண்டும் இருக்கிறது.

சஸ்பெண்ட் செய்யும் முன் உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்கிறது 19-வது பிரிவு. கேட்டபிறகு ஆர்.டி.ஓ. உங்களை விடுவிக்கலாம். சஸ்பெண்ட் செய்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். ஆனால் விசாரணைக்கான நோட்டீஸ் லைசென்ஸில் உள்ள முகவரிக்குப் போனால்? காலேஜ் படிக்கும்போது திருநெல்வேலியில் லைசென்ஸ் எடுத்தவர், இன்று ஓ.எம்.ஆரில் ஒரு பி.ஜி.யில் இருக்கிறார். ஊரில் அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கி டிவி மேல் வைத்திருப்பார். தேதி போய்விடும், எதிர்த்தரப்பே இல்லாமல் உத்தரவு வந்துவிடும். இ-சலான் மட்டும் உடனே போனுக்கு வருகிறது. ஃபைன் வசூலிக்கப் பயன்படும் அதே நம்பருக்கு விசாரணைத் தேதியையும் அனுப்ப வேண்டாமா? நோட்டீஸ் உரியவர் கையில் கிடைத்தது உறுதியாகாமல் சஸ்பெண்ட் உத்தரவு போடக் கூடாது என்பதே என் கருத்து.

தண்டனை வேண்டாம் என்று சொல்லவில்லை. குடித்துவிட்டு ஓட்டியவர் 3 மாதம் பஸ்ஸில் போகட்டும், பரிதாபமே இல்லை. ஆனால் ஐ.டி. ஊழியருக்கு 3 மாதம் என்பது கேப் செலவு. டெலிவரி பையனுக்கும் ஆட்டோக்காரருக்கும் அது வருமானமே இல்லாத 3 மாதம், வீட்டு வாடகை, டியூ எல்லாம் சேர்த்து. அப்படிப்பட்டவருக்கு அந்த விசாரணை வெறும் சடங்காக இருக்கக் கூடாது.

‘யாரு பார்க்கப் போறா’ என்று இடையில் ஓட்டினால்? 182-வது பிரிவில் 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் க்ளைமிலும் சிக்கல்.

3 மாதம் முடிந்ததும் லைசென்ஸ் தானாகத் திரும்பி வராது. அங்கீகாரம் பெற்ற டிரைவிங் ஸ்கூலில் புத்தாக்கப் பயிற்சியை முடித்திருந்தால்தான் தருவார்கள். அதைக் கடைசி வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள். உத்தரவு தவறு என்று தோன்றினால், அது கைக்கு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். லைசென்ஸில் இன்னும் ஊர் முகவரிதான் இருக்கிறதா? பரிவாகன் தளத்தில் ஆன்லைனிலேயே மாற்ற விண்ணப்பிக்கலாம்.