திரையில் வரும் மருத்துவரும் கோரிமேட்டு மருத்துவரும்



புதுச்சேரியின் முல்லா வீதியிலோ காஜி வீதியிலோ சுல்தான்பேட்டையிலோ ஒரு வீட்டில் எவருக்கேனும் நோய் முற்றிவிட்டால், பெரியவர்கள் வாயிலிருந்து வரும் சொல் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஜிப்மருக்குக் கொண்டு போங்கள்." 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்து, 1964இல் இன்றைய பெயரைப் பெற்ற நிறுவனம் அது. கோரிமேட்டில் அதன் புறநோயாளிகள் பிரிவில், விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் விடியுமுன் புறப்பட்டு வந்தவர்களோடு நாமும் வரிசையில் நிற்கிறோம். அப்போது நம் மனத்தில் ஒரு மருத்துவரின் உருவம் இருக்கிறது. அந்த உருவத்தை வரைந்தது யார் என்று நாம் சிந்திப்பதில்லை. அதில் பெரும்பகுதியை வரைந்தது தொலைக்காட்சிதான்.

இந்த உருவத்திற்கு வயது அறுபதுக்கு மேல். 1961இல் அமெரிக்காவில் 'டாக்டர் கில்டேர்', 'பென் கேசி' என்னும் இரு மருத்துவமனைத் தொடர்கள் ஒரே ஆண்டில் தொடங்கின. அந்நாட்டு மருத்துவர் சங்கமே கதையுரைகளைப் பார்வையிட்டு ஆலோசனை வழங்கிற்று. எனவே அவற்றில் வந்த மருத்துவர் தவறாதவராகவும், தம் வாழ்வை நோயாளிக்கே ஒப்படைத்தவராகவும் இருந்ததில் வியப்பில்லை. 1969இல் வந்த 'மார்கஸ் வெல்பி' தொடரில் குடும்ப மருத்துவராக நடித்த இராபர்ட் யங் என்பவருக்கு, தம் நோய்க்கு மருந்து கேட்டு மக்கள் கட்டுக்கட்டாகக் கடிதம் எழுதினர். அவர் நடிகர் என்பதை அறிந்தும் எழுதினர்!

நம் நாட்டில் தூர்தர்ஷன் 1991இல் விஜயா மேத்தாவின் இயக்கத்தில் 'லைஃப்லைன்' என்னும் இந்தித் தொடரை ஒளிபரப்பியது. 2002இல் 'சஞ்சீவனி' வந்தது. தமிழில் அவ்விடத்தை, சின்னத்திரையில் மீண்டும் மீண்டும் காட்டப்படும் திரைப்படங்களே நிரப்பின. 1962இல் ஸ்ரீதர் எடுத்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தில், முன்னாள் காதலியின் கணவரைக் காப்பாற்றிவிட்டு மருத்துவர் தம் உயிரை விடுகிறார். நாற்பது ஆண்டுகள் கழித்து வந்த 'ரமணா' படத்திலோ, இறந்துபோனவரின் உடலுக்குச் சிகிச்சை அளிப்பதாக நடித்துப் பணம் பறிக்கிறது ஒரு தனியார் மருத்துவமனை. ஆக, நம் கூடத்திற்கு வந்த மருத்துவர் ஒன்று வானவர், இல்லையேல் கயவர். இரண்டுக்கும் இடையே நிற்கும் மனிதரை நாம் திரையில் அரிதாகவே கண்டோம்.

இவ்விரு படங்களும் எதிரெதிரானவையாகத் தோன்றினாலும் உள்ளே இருக்கும் நம்பிக்கை ஒன்றே. உயிர் மருத்துவரின் கையில் இருக்கிறது, அவர் மனம் வைத்தால் பிழைக்கும், வைக்காவிட்டால் போய்விடும் என்பதே அது.

இதன் விளைவு சிறிதன்று. நின்றுபோன இதயத்தை மார்பில் அழுத்தி மீட்கும் சி.பி.ஆர். முதலுதவியைத் தொலைக்காட்சி எவ்வாறு காட்டுகிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 1996இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். 'ஈ.ஆர்.' உள்ளிட்ட மூன்று தொடர்களில் அந்த முதலுதவி பெற்றவர்களுள் 75 விழுக்காட்டினர் அப்போதைக்கு உயிர் பிழைத்தனர். உண்மையில் இதயம் நின்றவர்களுள் பெரும்பாலோர் வீடு திரும்புவதில்லை. அந்த முதலுதவியை நாம் ஒவ்வொருவரும் கற்க வேண்டும். அதனால் பிழைப்போரும் உண்டு. ஆனால் திரையில் நான்கில் மூவர் எழுந்து உட்காருவதைப் பார்த்துப் பழகிய மனம், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் "இயன்றதெல்லாம் செய்தோம்" என்ற சொல்லைக் கேட்கும்போது அதை நம்ப மறுக்கிறது. யாரோ ஏதோ செய்யத் தவறிவிட்டார்கள் என்றே அதற்குத் தோன்றுகிறது. 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில், புற்றுநோய் மருத்துவர் ஒருவரை நோயாளி ஒருவரின் மகனே கத்தியால் குத்தினார். அச்செயலுக்குத் திரையை மட்டும் குற்றம் சொல்வது நீதியாகாது. ஆயினும், மருத்துவரிடம் நாம் எதை எதிர்பார்க்கிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ள அது போதிய காரணம்.

நம் மார்க்கம் இதற்குத் தெளிவான விடை தருகிறது. தாம் நோயுற்றால் குணமளிப்பவன் இறைவனே என்று இப்ராஹீம் (அலை) அவர்கள் கூறியதைத் திருக்குர்ஆனின் அஷ்ஷுஅரா அத்தியாயம் எடுத்துரைக்கிறது. தம்மை மருத்துவர் என்று கூறிக்கொண்ட ஒருவரிடம், உண்மையான மருத்துவன் அல்லாஹ்தான், நீர் பரிவு காட்டும் தோழர் என்னும் கருத்துப்பட நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. 'ரஃபீக்' என்பதே அங்கு வரும் சொல். எவ்வளவு உயர்ந்த பதவி அது! எவ்வளவு சுமையை அது மருத்துவரின் தோளிலிருந்து இறக்கி வைக்கிறது!

அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களை எண்ணிப் பாருங்கள். மதீனாப் பள்ளிவாசலிலேயே அமைக்கப்பட்ட கூடாரத்தில் ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணி அவருக்குப் பணிவிடை செய்தார். நபியவர்களே அருகிலிருந்து நலம் விசாரித்தார்கள். இருந்தும் அக்காயத்தாலேயே ஸஅத் (ரலி) அவர்கள் மரணமடைந்தார்கள். ருஃபைதாவை எவரும் குறை கூறவில்லை. தொலைக்காட்சித் தொடராக இருந்திருந்தால் அவர் எழுந்து நடந்திருப்பார்!

இதனால் மருத்துவரின் அலட்சியத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது பொருளன்று. மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர் அதன் விளைவுக்குப் பொறுப்பாளி என்பதும் நபிமொழியே. கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்திற்கு உட்பட்டது என 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. தவறு நேர்ந்ததாகத் தோன்றினால் ஆவணங்களோடு முறையிட வழி உண்டு. முஷ்டியை உயர்த்துவது அவ்வழி அன்று.

எனவே குடும்பமாக நாம் செய்யத்தக்கவை சில. பழைய மருந்துச் சீட்டுகளையும் பரிசோதனை முடிவுகளையும் தேதிவாரியாக ஓர் உறையில் வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் பத்து விதமாகக் கேட்காமல், வீட்டில் ஒருவர் மருத்துவரிடம் பேசட்டும். "பிழைப்பாரா?" என்ற கேள்வியோடு நில்லாமல், "இந்தச் சிகிச்சையால் என்ன பயன், என்ன துன்பம், வேறு வழி உண்டா?" என்றும் கேட்போம். இரவெல்லாம் விழித்திருக்கும் செவிலியருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் நன்றி கூறுவோம். தொடர்களில் அவர்கள் முகம் பெரும்பாலும் தெரிவதில்லை. பிள்ளைகளோடு அமர்ந்து இத்தகைய காட்சிகளைப் பார்க்க நேர்ந்தால், ஷிஃபா யாரிடமிருந்து வருகிறது என்பதை அவ்விடத்திலேயே சொல்லிக் கொடுப்போம்.

மருந்தைத் தேடுவது நம் கடமை. மருத்துவர் அத்தேடலில் நம்மோடு நடக்கும் தோழர். முடிவு அவரிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை.

நோயுற்ற நம் உறவுகள் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவையும், அவர்களைப் பேணும் கரங்களுக்குப் பரிவையும், நமக்குப் பொறுமையையும் வழங்குவானாக! ஆமீன்.