பச்சை குத்துவதும் அழிப்பதும்

சென்ற மாதம் ஒரு காலை, பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் வாசலில் வந்து நின்றான். பத்தொன்பது வயது. பட்டாளத்தில் சேர வேண்டுமென்று விடியற்காலையில் எழுந்து ஓடுகிறவன். தயங்கித் தயங்கிச் சட்டைப் பொத்தானைக் கழற்றினான். மார்பில் ஒரு பெண்ணின் பெயர், இருபுறமும் சிறகுகள்.

"தாத்தா, இதோட போனா மெடிக்கல்ல தள்ளிடுவாங்களாம். வீட்டுல யாருக்கும் தெரியாது. அழிக்கிறதுக்கு ஏதோ களிம்பு விக்கிறாங்களாம், தடவலாமா?"

"தொடவே தொடாதே" என்றேன்.

அவன் பயந்தது நியாயம்தான். நிரந்தரமாகக் குத்திய பச்சை முன்னங்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டுமே இருக்கலாம் என்பது ராணுவ விதி. பழங்குடியினருக்கு அவர்கள் வழக்கப்படி விலக்கு உண்டு. மற்றவர்களுக்கு மார்பு, தோள், கழுத்து எதுவும் கூடாது. குத்துகிற கடையில் இதையெல்லாம் யார் சொல்கிறார்கள்?

"இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான்" என்று நாம் சொல்லிவிடுவோம். ஆனால் நம் பாட்டிமார்கள் கையில் இல்லாத பச்சையா? மஞ்சளையும் அகத்திக்கீரையையும் அரைத்துத் துணித்திரியில் சுருட்டி, விளக்கில் எரித்து, கவிழ்த்த சட்டியில் படிந்த கரியைக் குழைத்து, ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக் குறத்தியர் குத்தினார்கள்.

நம் தலைமுறையும் சும்மா இல்லை. 1972-ல் அ.தி.மு.க. தொடங்கிய சில ஆண்டுகளில், கட்சிக்காரர்கள் கட்சியின் அடையாளத்தைக் கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்று எம்.ஜி.ஆர். கேட்டுக்கொண்டார். கட்சிக்குள்ளேயே அது சர்ச்சையானது. ஆனாலும் ஆசையாகக் குத்திக்கொண்டவர்கள் பலர். அவர்களில் எனக்குத் தெரிந்த ஒருவர் பிறகு கட்சி மாறினார். அன்றிலிருந்து கடைசிவரை முழுக்கைச் சட்டைதான். இருபது வயதில் எடுத்த முடிவு அறுபது வயதுக்கும் கூடவே வரும் என்பது அப்போது யாருக்குத் தோன்றுகிறது?

அவருக்கு இல்லாத வழி இன்றைய பிள்ளைகளுக்கு இருக்கிறது. மை தோலின் மேற்பரப்பில் இல்லை, அதற்குக் கீழ் அடுக்கில் இருக்கிறது. லேசர் ஒளியை நொடியில் நூறு கோடியில் சில பங்கு நேரம் மட்டும் பாய்ச்சும்போது மைத்துகள்கள் நொறுங்குகின்றன. அந்தப் பொடியை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாக அப்புறப்படுத்துகிறது. அதனால்தான் ஒரே நாளில் அழியாது. ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் ஆறு முதல் எட்டு வாரம் இடைவெளி வேண்டும். பல முறை போக வேண்டியிருக்கும். கறுப்பு மைக்கு 1064 நானோமீட்டர் அலைநீள லேசர் நன்றாக வேலை செய்யும். பச்சை, மஞ்சள், நீல நிறங்கள் லேசில் போகாது. நம்மைப்போன்ற மாநிறத் தோலில் பக்குவம் தெரியாமல் பாய்ச்சினால் வெள்ளைத் திட்டோ கருமையோ தங்கிவிடும். தழும்பு தடித்து வளரும் உடம்பு என்றால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். முழுவதும் மறையும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

ஆகவே இது அழகு நிலையத்து வேலை இல்லை, வைத்தியம். தோல் மருத்துவர்தான் பார்க்க வேண்டும். அமிலக் களிம்பு, சுண்ணாம்பு, சேங்கொட்டை என்று வைத்துப் புண்ணாக்கிக்கொண்டால் பச்சை இருந்த இடத்தில் ஆயுளுக்கும் தழும்பு இருக்கும்.

பிள்ளைகளை இந்தக் களிம்புகளிடம் விரட்டுவது நம்முடைய ஏச்சுதான் என்பது என் கருத்து. வீட்டில் சொல்ல முடிந்தவன் மருத்துவரிடம் போகிறான். சொல்லப் பயந்தவன் யாருக்கும் தெரியாமல் எதையாவது தடவுகிறான். குத்தியது தவறென்றால் அதை ஒரு முறை சொன்னால் போதும். ஆள்சேர்ப்பு அறிவிப்பு வந்தபின் ஓடினால் காலம் போதாது, ஒரு வருடம் முன்பே தொடங்க வேண்டும்.

பையனை அழைத்துக்கொண்டு நானே அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா முதலில் அழுதார், அப்புறம் திட்டினார். மறுவாரம் அவரே அவனைத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு ஆலோசனை கேட்கக் கூட்டிப்போனார். பையன் இன்னும் விடியற்காலையில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறான்.