வாய் இல்லாத அடுப்பு

கூடாரம் வாங்குவது பற்றி எழுதிய பிறகு, மடிக்கிற விறகு அடுப்பைப் பற்றியும் எழுதச் சொல்லிச் சிலர் கேட்டிருந்தீர்கள். கோடை லீவுக்கு அல்கொன்குவின், சாண்ட்பாங்ஸ் என்று இடம் பதிந்தவர்கள் இப்போது இதைத்தான் தேடிக்கொண்டிருப்பீர்கள். தேடினால் வந்து குவியும். எல்லாம் பார்வைக்கு ஒரேமாதிரி: நாலு தகடு, அடியில் ஓட்டைகள், மடித்தால் ஒரு கொப்பி அளவு. விளம்பரத்தில் தாடி வைத்த ஒருத்தர் காட்டுக்குள் தனியாக இருந்து ஒரு கோப்பைத் தண்ணீர் கொதிக்க வைப்பார்.

நாங்கள் அப்படியா போகிறோம்? பெரியவர்கள் நாலு பேர், பிள்ளைகள் மூன்று பேர், இரண்டு கூலர், கோழிக்கறிக்கு ஒரு பெரிய சட்டி. ஆகவே அடுப்பின் எடையையோ படத்தையோ பார்க்கமுதல் உங்கள் சட்டியை எடுத்து அளந்து பாருங்கள். பெயர்போன சிறிய அடுப்புகள் 5 அங்குலச் சதுரம், அதாவது 13 சென்ரிமீற்றர். நாங்கள் கொண்டுபோகிற சட்டியின் அடி 24. அதில் 5 லீற்றர் தண்ணீர் விட்டால் தண்ணீர் மட்டுமே 5 கிலோ. அவ்வளவு பாரத்தை 13 சென்ரிமீற்றருக்கு மேல் நிறுத்திவிட்டு, பக்கத்தில் பிள்ளைகளை ஓடி விளையாட விட என்னால் முடியாது. தனி ஆளுக்கு அது நல்ல அடுப்புத்தான், குடும்பத்துக்கு இல்லை.

நான் ஃபோனில் படங்களைத் தட்டிக்கொண்டிருந்தபோது அம்மா எட்டிப் பார்த்தா. யாழ்ப்பாணத்தில் கலியாணம் முடிக்கும்வரை விறகு அடுப்பில் சமைத்தவ. முதலில் பேச்சுத்தான் விழுந்தது. "ஊதி ஊதிக் கண் எரிஞ்சது காணாதெண்டோ? அதிலயிருந்து தப்பித்தானே இஞ்ச வந்தனாங்கள். நீ காசு குடுத்து வாங்கிறாய்."

பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்துவிட்டுக் கேட்டா: "இதுக்கு வாய் எங்கை?"

எனக்கு விளங்கவில்லை. "சட்டியை இறக்காமல் எப்பிடி விறகு தள்ளுவாய்?" என்றா.

அந்த ஒரு கேள்வியில் பாதிக்கு மேற்பட்ட அடுப்புகள் கழிந்துபோயின. இந்தப் பெட்டிகள் சின்னன். உள்ளே போடுகிற சுள்ளி சில நிமிடங்களில் எரிந்து முடிந்துவிடும், திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மேலால் மட்டும் விறகு போடுகிற அடுப்பு என்றால், ஒவ்வொரு முறையும் கொதிக்கிற சட்டியைத் தூக்கி எங்கேயாவது வைக்க வேண்டும். இருட்டில், குனிந்துகொண்டு, பிள்ளைகளுக்கு நடுவில். பக்கத்தில் ஒரு வாய் இருந்தால் நீளமான தடியை அப்படியே விட்டு, எரிய எரிய உள்ளே தள்ளலாம். தீயைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்தத் தடியை வைத்துத்தான். வாயின் அகலம் உங்கள் பெருவிரல் மொத்தத்தில் இரண்டு மூன்று தடி ஒன்றாகப் போகக்கூடியதாக இருக்க வேணும்.

அடுத்தது, எப்படி மடிகிறது என்பது. ஒரு வகை பிணைச்சல் போட்டது, கதவுபோல விரிந்து நிற்கும். மற்றது தகடுகளைத் தனித்தனியாகக் கொளுவுகிறது. கொளுவுகிறது மலிவு. ஆனால் மெல்லிய தகடு சூட்டில் நெளியும், நெளிந்தபிறகு அடுத்தமுறை பொருந்தாது. ஒரு தகட்டைப் புல்லுக்குள் விட்டால் அதோடு கதை முடிந்தது. பிணைச்சல் அடுப்பில் தொலைக்க ஒன்றும் இல்லை. நான் அதைத்தான் சொல்வேன்.

உலோகத்தில் அதிகம் மினக்கெட வேண்டாம். டைட்டேனியம் இரும்பின் எடையில் பாதிக்குக் கொஞ்சம் மேல், விலையோ கூட. முதுகில் சுமந்து நடப்பவர்களுக்கு அது பெறுமதி. காரின் டிக்கியில் போடுகிற எங்களுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும், தகடு கொஞ்சம் தடிப்பாக இருந்தால் நல்லது. அலுமினியம் 660 பாகையில் உருகிவிடும், தணலுக்குப் பக்கத்தில் அதற்கு வேலை இல்லை. நாகம் பூசின தகரத்தில் யாராவது செய்து விற்றால் வாங்காதீர்கள். கடும் சூட்டில் வருகிற நாகப் புகை உடம்புக்குக் கூடாது.

யப்பானின் ஸ்னோ பீக் கொம்பனி 1996 இலிருந்து செய்கிற தக்கிபி என்ற அடுப்பையும் சிலர் கேட்டிருந்தீர்கள். தலைகீழாக வைத்த கூம்புமாதிரி, ஒரு இழுப்பில் விரியும். அங்கே பல முகாம்களில் வெறும் நிலத்தில் தீ மூட்ட விடமாட்டார்கள், அதனால் வந்த வடிவம். சுற்றியிருந்து குளிர்காய அருமையானது. அம்மாவின் கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை.

இனி ஒன்ராறியோவில் இருப்பவர்களுக்கு. மாகாணப் பூங்காக்களில் தீ மூட்டுவது அவர்கள் ஒதுக்கிய குழியில் மட்டும். உங்கள் அடுப்பையும் அந்தக் குழிக்குள் வைத்துத்தான் பாவிக்க வேண்டும். தீயைச் சுற்றி இருந்து கதைக்க மட்டும் ஆசை என்றால் அந்தக் குழியே போதும், ஒன்றும் வாங்காதீர்கள். விறகையும் வீட்டிலிருந்து கொண்டுபோகாமல் அங்கேயே வாங்குங்கள். 2002 இல் வின்ட்சரில் கண்டுபிடித்த சாம்பல் மரத் துளைப்பான் என்ற பச்சை வண்டு, ஆட்கள் காரில் கொண்டுபோன விறகோடும் சேர்ந்துதான் ஊர் ஊராகப் பரவியது.

தீத்தடை வந்தால் விறகு அடுப்பு எவ்வளவு சின்னதென்றாலும் மூட்டக்கூடாது. 2023 இல் டொரொன்டோ வானத்தையே காட்டுப்புகை மூடினது ஞாபகம் இருக்கும்தானே. திருகி நிறுத்தக்கூடிய காஸ் அடுப்பை அப்படியான நேரத்திலும் பொதுவாக அனுமதிப்பார்கள், அதனால் அதையும் காரில் போடுங்கள். வெளிக்கிட முதல் பூங்காவின் அறிவிப்பைப் பாருங்கள்.

மழை வந்தால் அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகிற யோசனையே வேண்டாம். அணைந்தமாதிரித் தெரிகிற தணலிலிருந்தும் காபன் மொனொக்சைட் வரும். மணம் இல்லை, நித்திரையிலேயே ஆளைக் கொன்றுவிடும்.

எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. தடி தள்ளுகிற வேலை அவளுடையது, தோல் கையுறையோடு, அம்மம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து. தம்பிக்கு சுள்ளி பொறுக்கித் தடிப்பு வாரியாக அடுக்குகிற வேலை. அடுப்பைச் சுற்றி மண்ணில் ஒரு வட்டம் கீறியிருக்கிறோம், மற்றப் பிள்ளைகள் அதைத் தாண்டக்கூடாது. தீ அணைந்த பிறகும் அந்தக் கோடு இருக்கும். கறுப்பாக நிற்கிற தகடு சிவப்பாக இல்லையே என்று பிள்ளை தொடும். சூட்டோடு தண்ணீர் ஊற்றினால் தகடு நெளியும், ஆகவே அடுப்பை ஆறவிட்டு, சாம்பலைக் குழிக்குள் கொட்டி, அதற்குமேல் தண்ணீர் விட்டுக் கிளறுங்கள். சீறுகிற சத்தம் நிற்கும்வரை விடுங்கள்.