மூன்று கொப்பிகளும் ஒரு வரியும்

2024 ஜனவரி 1 முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதமானது. பதிவுக்கான வருடாந்தப் புரள்வு எல்லையும் 80 மில்லியன் ரூபாவிலிருந்து 60 மில்லியனுக்கு இறங்கியது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,64,000 ரூபா விற்பனை. சீமெந்தும் கம்பியும் விற்கும் கடைக்கு, கையில் மிஞ்சும் இலாபம் சிறிதானாலும், இது எட்டக்கூடிய தொகைதான்.

பதிவுசெய்த கடை, கொள்வனவில் செலுத்திய வரியைக் கழிக்க வரிச்சிட்டை காட்ட வேண்டும். இருப்பு கொப்பியில், விற்பனை சிட்டைப் புத்தகத்தில், கணக்கு நகரத்துக் கணக்காளரிடம் என்றிருந்தால், தொலைந்த சிட்டையின் வரி முதலாளியின் கையிலிருந்தே போகும். மூன்றையும் இணைத்த மென்பொருளில், பொருள் வந்தும் சிட்டை பதியப்படாதது உடனே தெரியும். 1995இலும் 2009இலும் கணக்குப் புத்தகங்களைக் கைவிட்டு ஓடியவர்களுக்கு, பிரதியொன்று கடைக்கு வெளியிலும் இருப்பதன் பெறுமதி புரியும்.

ஆனால் வயரைச் சுருளாக வாங்கி மீற்றராக விற்கும் கடையில், சுருளுக்கு எத்தனை மீற்றர் என்று முதலில் பதியாவிட்டால் இருப்பும் இலாபமும் பிழையாகவே வரும். இணைப்பதற்கு முன் ஒருநாள் கடையைப் பூட்டி, உள்ள பொருளையெல்லாம் எண்ணத்தான் வேண்டும்.