நோட்டரி முத்திரையால் பங்கு கைமாறாது

கூட்டாக வாங்கிய அல்லது வாரிசாக வந்த வீட்டில் ஒருவர் தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுக்க, 100 ரூபாய் முத்திரைத்தாளும் நோட்டரியின் முத்திரையும் போதும் என்ற நம்பிக்கை ஐதராபாத்தில் ஆழ வேரோடியிருக்கிறது. மாரேட்பள்ளி போன்ற பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. 'அண்ணன் தங்கைக்குள் எதற்குப் பதிவு?' என்ற கேள்வி பாசம்போல் ஒலிக்கிறது. பின்னாளில் அதே குடும்பத்தை வழக்கு மன்றத்துக்கு இழுத்துச் செல்வதும் அதுதான்.

100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தில் உரிமையை உண்டாக்கும், மாற்றும் அல்லது ஒழிக்கும் ஆவணம் பதிவாக வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 17ஆவது பிரிவு. ஒரு சதுர கஜமே ஆயிரக்கணக்கில் விலைபோகும் ஐதராபாத்தில் எந்தப் பங்கின் மதிப்பும் 100 ரூபாய்க்குக் கீழே இருக்காது. பதியாத ஆவணம் சொத்தைப் பாதிக்காது. அந்தக் கைமாற்றத்துக்குச் சான்றாகவும் ஏற்கப்படாது என்று 49ஆவது பிரிவு முடித்துவிடுகிறது. பணம் வாங்காமல் கொடுப்பதுதானே என்ற சமாதானமும் நிற்காது. அசையாச் சொத்தைத் தானமாகக் கொடுக்கப் பதிவும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்பது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 123ஆவது பிரிவு. நோட்டரி உறுதிசெய்வது கையெழுத்தை மட்டுமே. உரிமையை உண்டாக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை.

இந்த நம்பிக்கையைக் காப்பவர்கள் 1976ஆம் ஆண்டு 'காலே' வழக்கின் தீர்ப்பைக் கையில் எடுப்பார்கள். வாய்மொழியாகச் செய்துகொண்ட குடும்ப ஏற்பாடு செல்லும், முன்பே முடிந்த ஏற்பாட்டை நினைவுக்காக எழுதிவைக்கும் குறிப்புக்குப் பதிவு தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் அதில் சொன்னது உண்மை. ஆனால் அந்த ஏற்பாட்டையே செய்யும் ஆவணம் பதிவாக வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. 'இன்று முதல் என் பங்கை விட்டுக்கொடுக்கிறேன்' என்று எழுதிய தாள் நினைவுக் குறிப்பு ஆகாது.

மாநகராட்சி வரி ரசீதில் பெயர் மாறியதும் வேலை முடிந்தது என்பது இன்னொரு மயக்கம். பெயர் மாற்றம் உரிமையைத் தராது, பறிக்காது என்று 1996இல் சவர்ணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பொது அதிகாரப் பத்திரத்தின் வழியாக நடக்கும் 'விற்பனை' உரிமையை மாற்றாது என்று 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் தீர்த்தது. இவ்வளவுக்குப் பிறகும் நோட்டரி தாள்கள் பெருகியதால்தான், நகர்ப்புறங்களில் அவற்றை ஒழுங்குபடுத்த 2023 ஜூலையில் தெலங்கானா அரசு ஓர் அரசாணையே பிறப்பிக்க வேண்டியிருந்தது. அந்தத் தாளே உரிமை தந்திருந்தால் ஒழுங்குபடுத்த என்ன இருக்கிறது?

சரியான வழி கடினமானதல்ல. வாங்குபவர் ஏற்கெனவே கூட்டு உரிமையாளராக இருந்தால் விடுதலைப் பத்திரம் பொருந்தும். பணமின்றிக் கொடுத்தால் தானப் பத்திரமும், விலைக்குக் கொடுத்தால் விற்பனைப் பத்திரமும் எழுதலாம். எதுவானாலும் உரிய முத்திரைத்தீர்வை செலுத்தி, கையெழுத்திட்ட நான்கு மாதத்துக்குள் சார்பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். துபாயிலோ அமெரிக்காவிலோ இருக்கும் பங்குதாரர் நேரில் வர இயலாவிட்டால், இந்திய தூதரகத்தில் சான்றளிக்கப்பட்ட அதிகாரப் பத்திரத்தை அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும்.

வீட்டுக்கடன் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. பங்கை விட்டுக்கொடுத்ததால் மட்டும் கடன் பொறுப்பு நீங்காது. வங்கி எழுத்தில் விடுவிக்கும்வரை, வீட்டில் பங்கு இல்லாதவரும் தவணைக்குப் பொறுப்பாளிதான்.

நோட்டரி தாளை நம்பியிருக்கும் குடும்பங்கள், கையெழுத்திட்டவர் உயிரோடும் மனம் மாறாமலும் இருக்கும்போதே பதிவு அலுவலகத்துக்குச் செல்லட்டும். அவர் காலமானால் அந்தப் பங்கு போய்ச் சேருவது அவருடைய வாரிசுகளிடம்.