மேடைக்கு மேலே ஒரு விளக்கு



எங்கள் வீட்டுச் சமையலறையில் ட்யூப்லைட் எட்டு வருஷமாகத் தப்பான சுவரில் இருந்தது. அடுப்புக்கு நேரெதிர்ச் சுவர். மேடை முன்னால் நின்றால் வெளிச்சம் முதுகில் விழும். காய் நறுக்கும் பலகையில் நம் நிழல்தான் விழும். குடிவந்த வாரமே அம்மா சொன்னார். "பார்த்துக்கலாம்மா" என்றேன்.

நம் வீடுகளில் இந்தப் 'பார்த்துக்கலாம்' என்ற சொல்லுக்கு ஆயுசு கெட்டி, இல்லையா? நடுவில் ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டோம். பெரிய டிவி வந்தது. விருந்தாளி உட்காரும் இடத்துக்கு எப்படியோ பணம் புரண்டுவிடுகிறது. வீட்டில் ஒருத்தர் தினமும் நாலு மணி நேரம் நிற்கிற இடத்துக்கு மட்டும் 'அடுத்த பொங்கலுக்கு' என்று தவணை.

போன மாதம் உளுந்து முறத்தோடு அம்மா பால்கனிக்குப் போனார். காற்று வாங்கவா என்று கேட்டேன். "உள்ளே கல்லு தெரியலப்பா" என்றார். குரலில் புகார்கூட இல்லை. அதுதான் சுருக்கென்றது.

வயதாக ஆக கண்மணி சுருங்குகிறது, உள்ளே லென்ஸ் மஞ்சளாகிறது. 20 வயதில் விழித்திரைக்குப் போன வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் போய்ச் சேரும். எனக்குப் போதும் என்று பட்ட வெளிச்சம், அம்மாவுக்கு விளக்கு வைக்கிற நேரத்து இருட்டு.

லாஃப்ட்டுக்கு அடியில், மேடைக்கு நேர் மேலே, ஒரு எல்.இ.டி. பட்டை விளக்கு. 20 வாட்ஸ், பழைய 40 வாட்ஸ் ட்யூபும் அதன் சோக்கும் சேர்ந்து இழுத்ததில் பாதிகூட இல்லை. எலக்ட்ரீஷியன் தம்பி முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார். பொருளும் கூலியும் ஆயிரம் ரூபாய்க்குள். எட்டு வருஷம் இழுத்தடித்தது இதையா!

ஸ்விட்சைப் போட்டதும் முதலில் பளிச்சென்று தெரிந்தது டைல்ஸில் இருந்த எண்ணெய்ப் பிசுக்குதான். (அந்த ஞாயிறு முழுக்க சோப்புத் தண்ணியும் ஸ்க்ரப்பருமாக நான்.) வேலை முடிந்த கையோடு லைட்டை அணைத்துவிட்டு வந்துவிடுகிற அம்மா, இப்போது அங்கேயே ஸ்டூல் போட்டு உட்காருகிறார். வெங்காயம் உரிக்கும்போது ஏதோ பழைய பாட்டு கேட்கிறது. மகளும் ஹோம்வொர்க் நோட்டோடு அங்கே போய்விடுகிறாள். ஃபால்ஸ் சீலிங்குக்குக் கீழே நான் மட்டும்.

உங்கள் வீட்டில் எது தவணையில் நிற்கிறது? விழாத தாழ்ப்பாளா, சொட்டுகிற குழாயா? அதனால் தினமும் அவஸ்தைப்படுவது யார்? எழுதுங்கள்.

நேற்று அந்த விளக்கடியில்தான் அம்மா நம் போன இதழைப் படித்தார். இரண்டு எழுத்துப்பிழைகளை வட்டம் போட்டு என் மேஜையில் வைத்திருக்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்