கடன் குழுவின் பெயரில். நிவாரணம் யார் பெயரில்?

கேரளத்தில் ஓணத்துக்கான காய்கறி தென்மேற்குப் பருவமழையின் நடுவில்தான் விளைந்தாக வேண்டும். வெண்டை, பாகல், காராமணி, புடலை ஆகிய அனைத்தும் மழை கொட்டும் மாதங்களிலேயே பூத்துக் காய்க்க வேண்டும். மழை விடாது பெய்தால் பூ உதிரும். பாத்தியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். குடும்பஸ்ரீ பெண்களின் கூட்டு வேளாண் குழுக்கள் ஆண்டுதோறும் எதிர்கொள்ளும் பருவம் இது.

1998-இல் தொடங்கப்பட்ட குடும்பஸ்ரீயின் அடித்தளம், 'அயல்கூட்டம்' எனப்படும் அண்டை வீட்டுப் பெண்களின் குழு. அவர்களில் நான்கு முதல் பத்துப் பேர் வரை கூட்டுப் பொறுப்புக் குழுவாக இணைந்து, தரிசு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து, வங்கிக் கடன் பெற்றுப் பயிரிடுகின்றனர். அண்டை மாநிலங்களின் காய்கறியைப் பெரிதும் நம்பியிருக்கும் கேரளத்தில் இது வெறும் பொழுதுபோக்குத் தோட்டம் அன்று. உழைக்கும் பெண்களின் வாழ்வாதாரம்.

2018 ஆகஸ்ட் மாத நடுவில் பெருவெள்ளம் வந்தது. அவ்வாண்டு திருவோணம் ஆகஸ்ட் 25. சந்தைக்குச் செல்ல வேண்டிய விளைச்சல் நீரில் மூழ்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டிலும் வெள்ளம் சூழ்ந்தது. இத்தகைய பருவத்தில் கூட்டுழைப்பின் வலிமை பெரிது. ஒருவர் நாற்று அழிந்தால் மற்றவர் நாற்று கைகொடுக்கும். ஒரு மாதத்தில் அறுவடைக்கு வரும் தண்டுக்கீரையை விதைத்து, முதல் வருவாயைப் பார்க்கலாம். வடிகால் வெட்டவும் பந்தலை நிமிர்த்தவும் பத்துக் கைகள் உண்டு.

ஆயினும் சட்டம் கைவிட்ட இடத்தை உழைப்பு மட்டும் ஈடுசெய்துவிடாது. 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தம் கேரளத்தில் நிலப்பிரபுத்துவத்தின் முதுகெலும்பை முறித்தது. அது பின்வாசல் வழியாகத் திரும்பிவிடாதிருக்க, புதிய குத்தகையைச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடை செய்தது. அன்றைய நிலையில் அது முற்றிலும் சரியானது. இன்றோ, பயிரிடாத உடைமையாளரிடம் நிலம் இருக்கிறது. நிலமற்ற பெண்கள் அதை வாய்மொழிக் குத்தகையில் உழுகின்றனர். நிலவரி ரசீதோ உடைமையாளரின் ஒப்புதலோ கேட்கப்படும் இடங்களிலெல்லாம், பயிரை இழந்தவர் அவருடைய தயவுக்காகக் காத்திருக்க நேர்கிறது. கடனுக்குக் கூட்டாகப் பொறுப்பேற்பவர்கள் நிவாரணத்தின்போது கண்ணுக்குத் தெரியாதவர்களாகிவிடுகின்றனர். ஒன்றிய அரசின் போக்கும் இதுவே. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமர் கிசான் திட்டம் நில உடைமைக் குடும்பங்களுக்கு மட்டுமே உரியது. குத்தகை விவசாயிக்கு அதில் இடமில்லை.

குத்தகையைத் தடையின்றி அனுமதிப்பதே தீர்வு என்பது நிதி ஆயோக்கின் 2016-ஆம் ஆண்டு மாதிரிச் சட்டத்தின் வாதம். அந்தக் கதவைத் திறந்தால் அயல்கூட்டத்துக்கு முன்பே பெருநிறுவனங்கள் உள்ளே நுழைந்துவிடும். நமது கோரிக்கை வேறு. நில உடைமையைத் தொடாமல், பயிரிடுவோரை மட்டும் அங்கீகரிக்க வேண்டும். ஆந்திரத்தின் 2011-ஆம் ஆண்டுச் சட்டம் சாகுபடியாளருக்கு அடையாள அட்டை வழங்க முன்வந்தது. 2019-இல் வந்த சட்டமோ உடைமையாளரின் கையொப்பத்தைக் கட்டாயமாக்கி, அட்டையை மீண்டும் அவர் கைக்கே கொண்டு சேர்த்தது. இதிலிருந்து பாடம் கற்க வேண்டும்.

எந்த நிலத்தில் யார் பயிரிடுகிறார்கள் என்பது ஊராட்சிக்கும் கிருஷி பவனுக்கும் அயல்கூட்டத்துக்கும் தெரியாத செய்தியன்று. விதைப்பு முடிந்தவுடன், பருவந்தோறும் அவர்களே சான்றளிக்கட்டும். அந்தச் சான்று கடனுக்கும் காப்பீட்டுக்கும் நிவாரணத்துக்கும் போதுமானதாகட்டும். 1996-இல் மக்கள் திட்ட இயக்கத்தின் வழியே ஊராட்சிகளுக்கு அதிகாரம் அளித்த மாநிலத்துக்கு இது இயலாத காரியம் அல்ல.

உழுபவருக்கே நிலம் என்ற முழக்கம் அன்றைய தலைமுறையின் சாதனை. உழுபவருக்கே நிவாரணம் என்பது நம் தலைமுறையின் கடமை. அடுத்த வெள்ளத்துக்கு முன்பே விவசாயிகள் சங்கமும் மாதர் சங்கமும் இக்கோரிக்கையை ஊராட்சி தோறும் எழுப்ப வேண்டும்.